குறுக்கு வழி

ஆட்டோவில் போனால் பதினைந்து நிமிடம்.
காட்டு வழி ஒன்றே கால் மணி நேரம்.
அதற்குத்தான் குறுக்கு வழி என்று பெயர் வைத்திருக்கிறோம்,
நானும் தனுஜா நேகியும்.

இரவுப் பணி முடிந்த கால்கள்
இன்னும் வார்டுக்குச் சொந்தம்.
இரும்பு கேட்டைத் தாண்டி முதல் நூறு அடிக்கு
மெஷின்களின் பீப் காதில் ஓடும்.
பிறகு அதை ஒரு தையல்சிட்டு
கைமாற்றி வாங்கிக்கொள்ளும்.

டிசம்பர் மூட்டம்.
பாதை பத்தடிக்கு மேல் தெரியாது.
பத்தடி நடந்தால் இன்னொரு பத்தடி தரும்,
சம்பளம் பட்டுவாடா செய்யும் குமாஸ்தா மாதிரி
எச்சில் தொட்டு, எண்ணி எண்ணி.

தனுஜா சமோலிக்காரி.
"இதெல்லாம் ஒரு ஏற்றமா" என்பாள்
மூச்சு வாங்கிக்கொண்டே.

இரு பக்கமும் கீகர்.
விலாயதி கீகர் என்று அவள் முழுப்பெயர் சொன்ன அன்று
சிரித்துவிட்டேன்.
எங்கள் பக்கம் இது வேலிக்காத்தான்.
மானாமதுரை டவுன் பஸ்ஸில்
ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையைக் கீறியது,
கோர்ட்டே வெட்டச் சொல்லியும் சாகாதது,
எனக்கு முன்பே டெல்லிக்கு வந்து
வாடகையில்லாமல் குடியிருக்கிறது.
ஹிந்தி எப்போது கற்றாய் என்று கிளையைத் தொட்டுக் கேட்டேன்.
அதே பழைய பாஷையில்தான் பதில்.

இடிந்த கோட்டைச் சுவர் ஒன்று குறுக்கே வரும்.
எந்த ராஜா கட்டியது என்கிற பலகையின் மேல்
குரங்கு உட்கார்ந்து பிஸ்கட் கவரை நக்கும்.
நாங்கள் தலையைக் குனிந்து போவோம்.
மரியாதை குரங்குக்கு.

இறக்கத்தில் ஏரி.
வசந்த் குஞ்ச் வீடுகளின் குளியலும் கழுவலும்
தொட்டி தொட்டியாய்த் தெளிந்து
குழாய் வழி வந்து விழுகிற இடம்.
காற்று திரும்பினால் லேசாகச் சோப்பு வாசம்.
ஐந்திணையில் எதிலும் சேர்க்க முடியாத நீர்.
வாத்துகள் இலக்கணம் படித்தவையல்ல;
எந்தக் குளிரிலிருந்தோ பறந்து வந்து
இதுவும் தண்ணீர்தான் என்று இறங்கியிருக்கின்றன.

நான் குழாயின் வாயையே பார்ப்பேன்.
ராத்திரி முழுக்கப் பார்த்ததும் அதைத்தான்:
கையிலிருந்து சிவப்பாய் வெளியேறி
வடிகட்டியில் சுற்றி
அதே கைக்குத் திரும்புவது.
மூன்றாம் படுக்கை ஓம்வீர் கேட்பார்,
"சிஸ்டர், திரும்பி வருவது என் ரத்தம்தானே?"
உங்களுடையதுதான் அங்கிள்.
செவ்வாயும் வெள்ளியும் அதே கேள்வி, அதே பதில்.
இந்தச் செவ்வாய் அவர் கேட்கவில்லை.
வெள்ளியன்று படுக்கையில் வேறு ஆள்.

மறுநாள் காலை, ஏரிக்கரைச் சரிவில்
விறகுக் கட்டை இறக்கிவைத்து ஒரு பெண்.
ரப்பர் செருப்பைத் துளைத்த முள்
குதிகாலில் முறிந்து நின்றது.
தனுஜா போனில் டார்ச் அடித்தாள்.
என் பையில் ஃபோர்செப்ஸ் இருந்தது.
ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள்.
மூன்று முறை வழுக்கியது.
நான்காவதில் வந்தது,
முழுசாய், அரை விரல் நீளம்.

கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.
"இவ்வளவு பெரிய காட்டில் என் கால்தான் கிடைத்ததா"
என்றாள் அதனிடம்.
எழுந்து, அதே மரத்தின் கட்டையைத்
தலையில் ஏற்றிக்கொண்டாள்.
காவலாளி வருவதற்குள் போயாக வேண்டும்.
நொண்டியபடியே பத்தடி;
அதற்குமேல் மூட்டம்.

என் கட்டைவிரலில் ஒரு சொட்டு ரத்தம்.
அவளுடையதா,
இடையில் முள் என்னையும் தொட்டதா,
தெரியவில்லை.
குனிந்து ஏரியில் கழுவினேன்.

"அந்தத் தண்ணியிலா? நர்ஸ்தானா நீ?"
தனுஜா கத்தினாள்.

நான் வாத்தைக் காட்டினேன்.
தலையை உள்ளே விட்டிருந்தது.
வெகுநேரம்.
வெளியே எடுத்துச் சிலிர்த்தது.
ஒன்றும் ஆகவில்லை.